பெயர் எழுதாத மரம்

மாட்டுத்தாவணியில் திருச்சி வண்டி எதில் கால் வைத்தாலும் கண்டக்டர் கேட்கும் முதல் கேள்வி "எங்க?" என்பதுதான். கொட்டாம்பட்டி என்றதும் முகம் மாறிவிடும். "நிக்காது. பின்னாடி வர்றதுல ஏறுங்க." பின்னால் வந்ததற்கும் அதே கொள்கை. நான்குவழிச் சாலை வந்த பிறகு வழியிலிருந்த ஊர்களெல்லாம் பாலத்துக்குக் கீழே போய்விட்டன. மேலே போகும் வண்டிக்கு அவை பலகையில் எழுதிய பெயர்கள் மட்டும். 45 கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு மேலூரில் ஒரு முறை இறங்கி ஏறி, ஒரு பிற்பகலையே செலவழித்தேன். அதிலும் டவுன் பஸ் கருங்காலக்குடியில் நின்று, டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பங்குனி வெயில். தூரத்தில் பாறைக்குன்று தெரிந்தது. கொட்டாம்பட்டியில் எனக்காகக் காத்திருந்த நண்பனுக்குப் போன் போட்டு, "நான் இங்கயே இறங்கிக்கிறேன், பொழுது சாய வந்து கூட்டிட்டுப் போ" என்றேன். அவனுக்குச் சிங்கம்புணரிப் பக்கம் கயிறு வியாபாரம். தேங்காய் மட்டையையும் பழைய நட்பையும் ஒரே பொறுமையோடு ஊறவைக்கத் தெரிந்தவன். "குகைக்குள்ள போகாத மாப்ள, வெளியவே உக்காரு" என்று மட்டும் சொன்னான்.

கருங்காலக்குடிக் குன்றை ஊரார் பஞ்சபாண்டவர் குட்டு என்பார்கள். பாண்டவர்கள் இங்கே வந்தார்களோ இல்லையோ, சமணத் துறவிகள் வந்திருக்கிறார்கள். அவர்கள் படுத்த கல்படுகைகள் இருக்கின்றன, தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரோடு ஒரு சிற்பமும் இருக்கிறது. தொல்லியலுக்காக வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு வெயில் தாழப் புறப்பட்டுவிடுகிறார்கள். எனக்கு வேண்டிய ஆட்கள் அவர்கள் போன பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

பாறை இடுக்குகளில் இருப்பது துரிஞ்சில். பூச்சி தின்னும் சின்ன வவ்வாலுக்கு நம் மொழியில் தனிப்பெயர் உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. பெரியது சின்னது எல்லாமே இப்போது வவ்வால்தான். சூரியன் போய், மேற்கே சிவப்பு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் ஒன்று வெளியே வந்தது. பாறை விளிம்பைச் சுற்றிவிட்டு உள்ளே திரும்பிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அதுவும் திரும்பிற்று. கல்யாண வீட்டில் மழை விட்டதா என்று வாசலுக்கு வந்து வந்து எட்டிப்பார்க்கும் ஆட்களைப் போல. பிறகு யாரோ கையசைத்த மாதிரி ஒரேயடியாகப் புறப்பட்டன. சத்தமே இல்லை. அவை கத்திக்கொண்டேதான் பறக்கின்றன. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நம் காது செவிடு.

குகையின் இருட்டுக்குள் கிடக்கிறவர்களுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வியை ஊர்ப்பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியில் ட்யூபிங்கனில் உயிர்க்கடிகாரம் பற்றிப் படித்துவிட்டு, 1970களின் நடுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். பல்கலைக்கழகத்தைச் சுற்றி நாகமலையும் சமணர் மலையும் இருந்தன, மலைகளில் குகைகள், குகைகளில் வவ்வால்கள். விலையுயர்ந்த இருட்டறை கட்டிக்கொண்டிருக்காமல் அவர் குகையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். அவரும் மாரிமுத்து முதலிய மாணவர்களும் வவ்வாலைக் கூண்டில் விட்டு, அந்தக் கூண்டை வெளிச்சமே எட்டாத குகையின் உட்புறத்தில் வைத்தார்கள். வேறு வவ்வால் இல்லாத குகையில் தனியாக வைத்த வவ்வாலின் கணக்கு நாளாக நாளாக நழுவிப்போனது. ஊர் விழித்திருக்கும் நேரத்துக்கும் அது விழிக்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஆனது. கூட்டம் வாழும் குகைக்குள் வைத்த கூண்டு வவ்வாலோ, வானத்தைப் பார்க்காமலே, மற்றவை கிளம்பும் நேரத்துக்குச் சரியாகச் சிறகை அடித்துக்கொண்டது. போகிறவர்களின் சலசலப்புதான் அதற்குக் கடிகாரம். இந்த முடிவு 1981இல் அச்சில் வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் கடிகாரமில்லாத அறைக்குள் வாரக்கணக்கில் இருக்கவைத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் கணக்கும் நழுவத்தான் செய்தது.

குகை வாசலில் ஒரு தவளையின் பின்னங்கால் மட்டும் காய்ந்து கிடந்தது. அது துரிஞ்சிலின் வேலை ஆகாது. தவளை, பல்லி, சுண்டெலி எல்லாம் தின்னும் பெரிய காது வவ்வால் ஒன்று மதுரைக் குகைகளில் உண்டு. வெள்ளைக்காரர்கள் அதற்கு ரத்தக்காட்டேரியின் பெயரைப் பாதி வைத்துப் பாதி மறுத்து, போலி ரத்தக்காட்டேரி என்றார்கள். ரத்தம் குடிக்கும் வவ்வால் இந்தியாவிலேயே கிடையாது. அது அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. மாரிமுத்துவும் ஜெர்மானியரான நாய்வெய்லரும் இந்த வவ்வாலுக்கு வைத்த சோதனை எனக்குப் பிடித்தமானது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் தவளையை அது சீண்டவில்லை. செத்த தவளையைத் தரையில் இழுத்துச் சரசரக்க வைத்தால் வந்து கவ்விற்று. இருட்டில் அதற்கு இரையைக் காட்டிக்கொடுப்பது இரையின் சத்தமே. சும்மா இருந்தால் பிழைக்கலாம் என்று தவளைக்கு யார் சொல்வது.

நண்பன் வந்து ஹாரன் அடித்தான். பைக்கில் ஏறும்போதே நிபந்தனை போட்டான். "நாளைக்குக் காட்டப்போற மரத்தைப் பத்தி எழுது. ஊர்ப்பேர் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"நாட்டுத்துப்பாக்கிக்காரனும் பத்திரிகை படிப்பான்ல."

பழந்தின்னி வவ்வாலின் கறி இளைப்புக்கு நல்லது, மூட்டுவலிக்கு அதன் கொழுப்பு நல்லது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ மரங்களைக் காலி செய்திருக்கிறார்கள். ராத்திரி டார்ச் அடித்து, பகலில் கவண் வைத்து. அது மருந்து என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் வாங்க ஆள் இருக்கிறது. எனவே இந்தக் கட்டுரையில் அந்த ஊருக்குப் பெயர் இல்லை. கொட்டாம்பட்டியிலிருந்து பைக்கில் போகும் தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காலையில் போனோம். கடலைக்காடு, தென்னந்தோப்பு, தண்ணீர் வற்றத் தொடங்கிய கண்மாய். கரையின் கீழே ஆலமரம். மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் வாடை வந்தது: அழுகத் தொடங்கிய பலாச்சுளையோடு நனைந்த நாயையும் சேர்த்த மாதிரி ஒரு வாடை. அடுத்து சத்தம். ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பது போலிருந்தது. பகல் முழுக்கத் தூங்கும் பிராணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பொய். இடத்துக்குச் சண்டை, பொம்பளைக்குச் சண்டை, ஒன்றும் இல்லாததற்கும் சண்டை. தூங்குவது நடுநடுவே.

மரத்தின் உச்சிக்கிளைகளில் இலையே இல்லை. இவை கொழுந்தையும் இலையையும் பிய்த்துப்போட்டு, தொங்க வசதியாகக் கிளையை மொட்டையாக்கிவைத்திருக்கின்றன. காய்ந்துபோன பெரிய சுரைக்காய்களைக் கட்டித் தொங்கவிட்டது போல வரிசை வரிசையாய்த் தொங்கின. நண்பன் கொண்டுவந்த பைனாகுலரில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தது ஒரு தாயை என்று பிறகுதான் புரிந்தது.

முகம் நரி முகம், நாயின் ஈரமூக்கு. கழுத்தைச் சுற்றித் தங்கநிறத் துண்டு போட்ட மாதிரி ரோமம். கண் பெரிது, பழுப்பு, என்னையே பார்த்தது. துரிஞ்சிலைப் போல எதிரொலி கேட்டுப் பறக்கும் வித்தை இதற்குக் கிடையாது. கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்வது. விரித்தால் நாலடிக்குக் குறையாத இறக்கைகளை, மடித்துப் போர்த்திக்கொண்டிருந்தது. பத்து மணி வெயில் ஏற ஏற ஒரு இறக்கையைக் கழற்றி விசிறத் தொடங்கிற்று. ஒரு இறக்கையால்தான், பனையோலை விசிறி பிடித்த பாட்டி போல, அவசரமில்லாமல். அப்படி விசிறும்போது போர்வை விலகி அக்குளுக்குள் இன்னொரு சின்ன நரிமுகம் தெரிந்தது. குட்டி முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு தலைகீழான தாயின் மேல் ஒட்டிக்கிடந்தது. தாய் தன் நாக்கால் முதலில் தன் இறக்கையை, பிறகு குட்டியின் தலையை, மறுபடி இறக்கையை நக்கிற்று. எச்சிலும் விசிறலும்தான் அதற்கு ஏர்கூலர். பிறகு ஒரு காரியம் செய்தது: இறக்கையின் மேல்முனையில் இருக்கும் கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பற்றி, காலை விட்டு, உடம்பை நேராகத் தொங்கவிட்டது. குட்டி அசையவில்லை. தாய் சிறுநீர் கழித்துவிட்டு, உதறிக்கொண்டு, மறுபடி தலைகீழானது. தன் மேல் படாமல் இருக்க இத்தனை ஏற்பாடு. கீழே நின்ற என்னைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. என் தோளில் விழுந்தது.

வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. எலிக்கணக்கில் பெருகுகிறது என்று தோட்டக்காரர்கள் சொல்வது அந்த இனத்துக்குப் பொருந்தாது. ஒரு தாயைச் சுட்டால் அந்த வருஷத்துக்கான பிள்ளையும் போய்விட்டது என்றுதான் கணக்கு.

மரத்தடியில் சுதையால் செய்த முனி, வேல், மணி, காய்ந்த மாலை. வேலிக்கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, குடை கொண்டுட்டு வரணும்ல" என்று என் தோளைக் காட்டிச் சிரித்தார்.

"ஐயா, இத யாரும் விரட்டுறதில்லையா?"

"யாரு விரட்டுவா? முனி வளர்க்குது."

அவர் சொன்ன காரணம் இது. சற்று நேரத்தில் ஆடு மேய்க்க வந்த ஆத்தா ஒருத்தி வேறு சொன்னார்: "வவ்வாலு இருக்குற மரத்துக்கு மழை இறங்கும். அது போனா கண்மாயி போயிரும்." மேல்சட்டை போடாத நடுவயதுக்காரர் ஒருவருக்கு மூன்றாவது காரணம். அவருடைய தாத்தா காலத்தில் ஒருத்தன் சுட்டானாம், வீடு போய்ச் சேரவில்லையாம். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன், "சுற்றுச்சூழல்ணே" என்றான். நான்கு பேருக்கு நான்கு காரணம். தீபாவளிக்கு அந்தப் பக்கம் வெடி போடுவதில்லை என்பதில் மட்டும் நான்கு பேருக்கும் ஒரே பேச்சு. காரணம் வேறு வேறாக இருப்பதுதான் ஏற்பாட்டின் பலம் என்று எனக்குப் பட்டது. ஒரு காரணம் பொய்த்தால் மீதி மூன்று தாங்கும். இந்தப் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடியில் நீர்ப்பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வெடியைத் துறந்தது ஊரறிந்த சேதி. புளியங்குளம் என்ற ஊரில் முனி காக்கும் ஆலமரத்து வவ்வால்களைப் பற்றி மாரிமுத்துவே 1988இல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

"எத்தனை இருக்கும்ங்கய்யா?"

பெரியவர் முகம் சுருங்கியது. "எண்ணக் கூடாது தம்பி." பிள்ளைகளை எண்ணிச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவன் நான், மேலே கேட்கவில்லை.

நம்முடைய சட்டத்துக்கு இவ்வளவு தயக்கம் இருந்ததில்லை. 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது: தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியல். காக்கை, எலி, சுண்டெலி, கூடவே பழந்தின்னி வவ்வால். யார் வேண்டுமானாலும் கொல்லலாம். அதே 1972இல் இன்னொரு காரியமும் நடந்தது. ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் 1948இல் மேகமலையில் பிடித்த ஒரு பழந்தின்னி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சாதாரண குட்டைமூக்கு வவ்வால் என்ற சீட்டோடு 24 வருஷம் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லாங்யா அதை எடுத்துப் பல்லைப் பார்த்தார். சாதாரணம் இல்லை, உலகத்துக்கே புதிய பேரினம். சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். மேகமலை இன்று தேனி மாவட்டம், அன்று மதுரை மாவட்டம். ஆக மதுரை மாவட்டத்துப் பழந்தின்னி ஒன்றுக்கு நாட்டின் பெரிய பறவை அறிஞரின் பெயர் கிடைத்த அதே ஆண்டில், பழந்தின்னிகளை எலியோடு சேர்த்து எழுதியது நாடு. சலீம் அலி வவ்வாலுக்குப் பிற்பாடு தனிப்பாதுகாப்பு வந்தது. மற்றவை அப்படியே கிடந்தன. 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் அந்த ஐந்தாவது பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 50 வருஷம். அந்த 50 வருஷமும் இந்த மரத்துக்குக் காவல் நின்றது சுதையும் வேலும்தான். கிட்டி தோங்லாங்யாவைப் பற்றி ஒரு சொல்: அவர் 1974இல் இறந்துபோனார். உலகின் மிகச் சிறிய வவ்வால், பெரிய வண்டின் அளவே உடம்பு உள்ள ஒன்று, அவர் பெயரைத் தாங்குகிறது.

ஊரில் எல்லாருக்கும் இவை செல்லப்பிள்ளைகள் என்று எழுதினால் அது பொய். கொய்யாத் தோட்டம் போட்டிருக்கும் ஒருவர், நண்பனுக்குத் தூரத்துச் சொந்தம், எங்களைக் கண்டதும் பொரிந்தார். "சாமி மரம்னு சொல்றவங்க எவனும் தோட்டம் வச்சிருக்கானா பாருங்க." நியாயமான கோபம். சந்தைக்குப் போகும் மாங்காயைக் காயாகவே பறித்துவிடுகிறார்கள், அதில் நஷ்டம் அவ்வளவில்லை. கொய்யாவும் சப்போட்டாவும் மரத்திலேயே கனிய வேண்டியிருக்கிறது. வவ்வால் பழத்தைத் தின்பதும் இல்லை. கடித்து, மேலண்ணத்தில் வைத்து நசுக்கி, சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். காலையில் மரத்தடி முழுக்க வெற்றிலை துப்பின மாதிரி உருண்டைகள். அவர் வலை கட்டியிருந்தார். தொய்வாகக் கட்டிய வலையில் வவ்வால் சிக்கினால் இறக்கை கிழிந்து விடியும்வரை கத்தும் என்பதால், இழுத்துக் கட்டியிருந்தார். "கத்துறதக் கேக்க முடியலைங்க. எம்மக அழுவுறா." திட்டிக்கொண்டே வலையை இழுத்துக் கட்டும் அவரைத்தான் அந்த ஊரில் எனக்கு அதிகம் பிடித்தது.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்து 17 பேர் இறந்தபோது, டிவியில் வவ்வால் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஊரில் பயம் வந்தது. கொரோனா நேரத்தில் இன்னும் அதிகம். மரத்தை வெட்டலாமா என்று பேச்செடுத்தவர்களும் உண்டு. நிபா பழந்தின்னியின் உடம்பில் இருக்கும் கிருமி என்பது உண்மை. அதை மறைத்து வவ்வாலுக்கு வக்கீலாக நான் விரும்பவில்லை. 1998இல் மலேசியாவில் அது முதன்முதலாகப் பரவியது எப்படி என்று பார்த்தால், பன்றிப்பண்ணையை ஒட்டியே பழமரம் வைத்திருந்தார்கள். வவ்வால் கடித்த பழம் பன்றிக்குப் போய், பன்றியிடமிருந்து ஆளுக்குப் போய், 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்கதேசத்தில் மூடாத பானையில் வடியும் ஈச்சஞ்சாறு. எனவே கடிபட்ட பழத்தைக் கையால் தொடாதே, கீழே விழுந்து கிடக்கும் குட்டியை வெறுங்கையால் எடுக்காதே, கலயத்தை மூடிக் கட்டு. மரத்தை வெட்டினாலோ விரட்டினாலோ அவை ஊருக்குள் இன்னும் நாலு மரத்துக்குப் பிரிந்து வரும், அவ்வளவுதான். அணில் கடித்தது, வவ்வால் கடித்தது என்று தேடிப்பிடித்துத் தின்ற தலைமுறை நாங்கள். அந்த ருசியை என் பேரன்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

பொழுது சாயக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்தோம். சூரியன் இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. மரத்துச் சத்தம் மட்டும் கூடியது. வானம் சாம்பலானபோது முதல் வவ்வால் கிளையை விட்டது. விழுகிற மாதிரி விட்டு, இரண்டு அடி அடித்து மேலேறிற்று. சின்னது படபடத்துப் பறக்கும். இது நிதானமாகத் துடுப்புப் போடும். பிறகு பத்துப் பதினைந்தாய். எண்ணக்கூடாது என்று சொன்னவர் பக்கத்தில் இல்லை, எண்ணிப் பார்த்தேன்; எழுபதுக்கு மேல் கணக்கு தப்பிற்று.

அவை நேராகக் காட்டுக்குப் போகவில்லை. முதலில் கண்மாய்க்கு வந்தன. தண்ணீருக்கு மேலே தாழ்ந்து, நெஞ்சும் வயிறும் பட ஒரு கோடு இழுத்து, மேலேறின. கோடு விரிந்து எங்கள் காலடிக்கு வந்து சேரும் முன் அடுத்த கோடு. குனிந்து வாயால் குடிக்கத் தெரியாத பிராணி. ரோமத்தில் நனைத்துக்கொண்டு போய், ஒரு கிளையில் தொங்கி, தன் வயிற்றையே நக்கிக் குடிக்கும். பகலெல்லாம் வெயிலில் வெந்த உடம்புக்குக் குளிர்ச்சியும் ஆயிற்று, தாகமும் ஆயிற்று. ஆத்தா சொன்னதை, கண்மாயி போனா வவ்வாலும் போயிரும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வழியாகவும் சரியாகத்தான் வந்தது. கரையை ஒட்டி உயர்மின் கம்பி ஒன்று போகிறது. இரண்டு கம்பிக்கும் இறக்கை எட்டிவிடும் அளவுக்கு விரிவதுதான் இவற்றின் எமன். ஒன்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நண்பன் அதைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இலுப்பைத் தோப்புக்குப் போனோம். தோப்பு என்பது பெயரளவில். மிஞ்சியது ஏழெட்டு மரம், ஐயனார் கோயில் நிலம் என்பதால் மிஞ்சியது. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய காலத்தில் ஊருக்கு ஊர் இந்த மரம் இருந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஏளனமாகச் சொல்கிறோம். அந்தப் பூவை ஒன்று வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். திராட்சை மாதிரி சதைப்பற்று, வெல்லத் தித்திப்பு, பின்னால் ஒரு கள்வாடை. பூ விரிவது ராத்திரியில். யாருக்காக என்பதைத் தலைக்கு மேலே கேட்ட சண்டை சொல்லிற்று.

சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் பார்த்தோம். ஒரு வவ்வால் கொத்தை இறக்கையால் அணைத்து இழுத்து, முகத்தைப் புதைத்துக்கொண்டது. சதைப்பூவை உருவித் தின்றது, முகமெல்லாம் மகரந்தம். வேறொன்று வந்து விரட்ட, அந்த முகத்தோடு அடுத்த மரத்துக்குப் போயிற்று. விரட்டு வாங்கினால்தானே மரம் விட்டு மரம் போகும். இவற்றின் ஓயாத சண்டைக்கும் இலுப்பைக்குக் காய் பிடிப்பதற்கும் உள்ள சம்பந்தத்தை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். பூ முடிந்து பழம் வரும் காலத்தில் பழத்தைக் கவ்விக்கொண்டு தூரத்து மரத்துக்குப் போய்த் தின்றுவிட்டு விதையைப் போடும். புன்னைக்கும் நாட்டு வாதாமுக்கும் இதே சேவை. ஆலம்பழம், அத்திப்பழத்தின் பொடிவிதை மட்டும் வயிற்றுக்குள் போய், அரைமணி நேரத்துக்குள் பறக்கும்போதே வெளியே வந்துவிடும். நான்குவழிச் சாலைக்காக வெட்டின ஆலமரங்களைத் திரும்ப நட, சம்பளம் இல்லாமல் ஆள் பறந்துகொண்டுதான் இருக்கிறது. நட்ட இடம் பாலத்தின் சுவர் இடுக்காகிவிடுவது வவ்வாலின் குற்றமில்லை.

விடியுமுன் மறுபடி முனி மரம். நண்பன் கொட்டாவி விட்டபடி வந்தான். கிழக்கு வெளுக்கும் முன்பே திரும்பத் தொடங்கிவிட்டன. போகும்போது வரிசையாகப் போனவை, வரும்போது நாலா பக்கத்திலிருந்தும் வந்தன. வவ்வால் வீட்டுக்கு வவ்வால் விருந்து போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பது சொலவடை. நேரில் பார்த்தால் அந்த உபசாரம் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்கிளை உண்டு, வேறு எவன் தொங்கினாலும் இறக்கையால் அறை. பைனாகுலரில் நேற்றைய தாயைத் தேடினேன். தங்கத்துண்டு போட்டவை அந்த மரத்தில் எத்தனையோ. அக்குளில் குட்டியோடு ஒன்று வந்து தொங்கியது. அதுவா என்று தெரியவில்லை. அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

பெரியவர் அந்நேரத்துக்கே வந்து மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சக்கை, எச்சம், உதிர்ந்த பூ, எல்லாவற்றையும் கூடையில் அள்ளினார். "தென்னைக்குப் போட்டா நல்லா காய்க்கும்" என்றார். இது ஐந்தாவது காரணம். நேற்று அவர் இதைச் சொல்லவில்லை.

கொட்டாம்பட்டிக்குத் திரும்பி, மதுரை வண்டிக்காக டீக்கடையில் நின்றேன். அங்கே நிற்காமல் போன வண்டிகளின் காற்றில் கடையின் கித்தான் கூரை ஏறி இறங்கிற்று.

"அண்ணனுக்கு எங்கிட்டு இருந்து வர்றது?" என்றார் டீ மாஸ்டர்.

"சும்மா. இங்க சொந்தக்காரங்க வீடு."

அவர் என் தோளைப் பார்த்தார். நேற்றைய கறை காய்ந்து, அதன்மேல் விடியற்காலையின் கறை புதிதாக இருந்தது, நடுவில் ஒரு ஆலம்விதை. ஒன்றும் பேசாமல் ஈரத்துணி ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு, டீயை ஆற்றத் தொடங்கினார்.